மேலேயிருந்து பார்த்த பந்தயம்

ரோஷினி பனிச்சறுக்குப் பந்தயக் குழுவில் சேர்ந்து இரண்டு குளிர்காலம் ஆகியும், அவள் சறுக்கிக்கொண்டு வருவதை அவளைப் பெற்றவர்கள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

பார்க்கப் பிரியமில்லாமல் இல்லை. சனிக்கிழமை ஆனால் விடிவதற்கு முன்பே கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலிருந்து கிளம்பிவிடுவார்கள். சேக்ரமென்டோ தாண்டும்வரை பின் சீட்டில் ரோஷினி தூங்கிக்கொண்டு வருவாள். மலை ஏறத் தொடங்கியதும் அப்பா கிட்டுசாமி காரை ஓரங்கட்டி, பனியில் மண்டி போட்டு, வழுக்காமலிருக்க டயருக்குச் சங்கிலி மாட்டுவான். கிரானைட் சாடில் ரிசார்ட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் பதின்மூன்று வயதுப் பெண் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு "பை அப்பா, பை அம்மா" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிப் போய்விடுவாள். அவ்வளவுதான். பந்தயம் மலையின் மேல் பாதியில் நடக்கும். முடிகிற இடமும் மலையின் தோள் ஒன்றுக்குப் பின்னால் மறைந்திருக்கும். கீழே லாட்ஜ் என்கிற ஓய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்து அம்மா சாரதாவும் கிட்டுசாமியும் புளிசாதம் சாப்பிடுவார்கள், பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் குடிப்பார்கள், பைன் மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாயந்திரம் மகள் சிவந்த கன்னங்களோடு வந்து சேர்வாள்.

மேலே போகலாம் என்றால் அதற்கு வழியில்லை. பழைய லிஃப்ட், மலைக்கு மேலே ஓடும் கம்பியில் தொங்குகிற, இரண்டு பேர் உட்காரும் நாற்காலிகள் கொண்டது. கம்பி என்ன வேகத்தில் ஓடுகிறதோ அதே வேகத்தில் நாற்காலி பின்னாலிருந்து வந்து முழங்காலில் முட்டும். சறுக்குக் கட்டை மாட்டியவர்கள் அப்படியே உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வெறும் பூட்ஸ் காலோடு வருகிறவர்களை ஏற்றவே மாட்டார்கள்.

இது இரண்டாயிரமாவது வருஷம் பிப்ரவரியில் நடந்தது. கம்ப்யூட்டர்களை இரண்டாயிரத்துக்குத் தயார்செய்கிற ஒய்-டு-கே வேலையெல்லாம் முடிந்து கிட்டுசாமி மனிதனாகத் தூங்க ஆரம்பித்திருந்த சமயம். அன்றைக்கு நடந்தது சாதாரணப் பந்தயம் இல்லை. முதல் பத்து இடத்துக்குள் வருகிறவர்கள் மாநில அளவிலான போட்டிக்குப் போவார்கள். ரோஷினி வழியெல்லாம் தூங்கவில்லை. கார் கண்ணாடியில் விரலால் வளைவு வளைவாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தாள்.

அவளை அனுப்பிவிட்டு லாட்ஜுக்குத் திரும்பும்போது சாரதா நின்றாள். பழைய லிஃப்ட் இருந்த இடத்தில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளையும் நீலமுமாக ஒரு பெரிய கூடாரம். அதிலிருந்து ஆறு பேர் ஒரே வரிசையில் உட்காரும் நாற்காலிகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பி, மரங்களுக்கு மேலே பறந்துகொண்டிருந்தன. பறந்துகொண்டிருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். பழைய லிஃப்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது நாற்காலி போகிற வேகமாகவே தெரியவில்லை. புது லிஃப்ட் ஓடப்போகிறது என்று ரோஷினி மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது இருவரும் சரியாகக் காதில் வாங்கவில்லை.

சாரதா வரிசையின் முகப்பில் நின்ற பணியாளரிடம் போய், தன் காலைக் காட்டி, "வெறும் பூட்ஸோடு போகலாமா?" என்று கேட்டாள்.

"இதில் போகலாம். நடந்து வருகிறவர்களுக்கு என்று தனியாக டிக்கெட் இருக்கிறது. மேலே பார்வையாளர்கள் நிற்கவும் இடம் இருக்கிறது. ஆனால் இறங்கும்போதும் இதிலேயேதான் இறங்க வேண்டும்" என்றார் அவர்.

சாரதா திரும்பி ஓடி வந்தாள். பனியில் யாரும் அப்படி ஓடக்கூடாது. கிட்டுசாமியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"என்னங்க, நம்மளையும் ஏத்தறாங்களாம். வாங்க, போலாம்."

கிட்டுசாமி அண்ணாந்து பார்த்தான். மூன்றாவது மாடி பால்கனிக் கம்பியில்கூடச் சாய மாட்டாத ஆள் அவன். "நீ போய்ட்டு வா சாரதா. நான் இங்க பையெல்லாம் பாத்துக்கறேன்" என்றான்.

"பையில என்ன இருக்குது, புளிசாதம்தானே. அத எவன் தூக்கிட்டுப் போறான்?"

"உனக்குத் தெரியாததா. எனக்கு ஒயரம்னா தலை சுத்துமே."

சாரதா வற்புறுத்தவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு தனியாக வரிசையில் போய் நின்றாள். பயோடெக் லேபில் வேலை பார்க்கிறவள். நாளெல்லாம் நுண்ணோக்கியில் குனிந்து கிடக்கிற அவள் கழுத்து அன்றைக்கு நிமிர்ந்தபடியே இருந்தது. வரிசை நகர்ந்தது. கிட்டுசாமி கயிற்றுக்கு வெளியே கூடவே நகர்ந்துகொண்டு வந்தான், வழியனுப்புகிறவன் மாதிரி. கூடாரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அவன் கண் மேலே போனது. அங்கேயே நிலைத்துவிட்டது.

கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன் கிட்டுசாமி. படித்து முடித்த கையோடு கம்ப்யூட்டர் பக்கம் வந்துவிட்டான். இரும்பு ஓடுவதைப் பார்த்தால் மட்டும் இன்னும் நின்றுவிடுவான்.

"சாரதா, இங்க பாரு. கம்பி நிக்கவே இல்ல. அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்குது. நாற்காலி மட்டும் புடிய விட்டுட்டு எறங்குது பாரு, அதா, அங்க."

மலையிலிருந்து பாய்ந்து வரும் நாற்காலி கூடாரத்துக்குள் நுழைந்ததும், அதன் தலையில் இருந்த இரும்புப் பிடி வாயைத் திறந்து கம்பியை விட்டது. மேலே வரிசையாக ரப்பர் சக்கரங்கள். ஒவ்வொன்றும் முந்தைய சக்கரத்தைவிட மெதுவாகச் சுழன்று நாற்காலியைப் படிப்படியாக அடக்கியது. அடங்கிய நாற்காலி நடக்கிற வேகத்தில் திரும்பி வந்து, ஆட்களை உட்காரவைத்துக்கொண்டது. பிறகு அந்தப் பக்கச் சக்கரங்கள் அதை வேகமாக, இன்னும் வேகமாகத் தள்ளிவிட, சரியாகக் கம்பியின் வேகத்துக்கு வந்த நொடியில் பிடி டக்கென்று மூடியது. நாற்காலி போயே போய்விட்டது.

"ஓடற பஸ்ல தொத்தற மாதிரியே இருக்குதுல்ல? கூடவே ஓடி, கம்பியப் புடிச்சு..." என்றான் கிட்டுசாமி. குரலே மாறியிருந்தது.

"ஏறிப் பாத்தாத்தானே தெரியும்" என்றாள் சாரதா.

அவன் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஓடி வந்தான். அவன் வருகிறவரை அவள் பின்னால் நின்றவர்களை முன்னால் விட்டுக் காத்திருந்தாள். அவர்களோடு மூன்றாவதாக ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி சேர்ந்துகொண்டாள். முழங்காலில் பெரிய பட்டை கட்டியிருந்தது. கேரல் என்று பெயர் சொன்னாள். போன மாதம் விழுந்து முழங்கால் பிசகியதால் அவளும் நடந்து வந்தவள்தான். அவள் மகள் மேகனும் ரோஷினியின் குழுவிலேயே இருந்தாள்.

நாற்காலி மெதுவாக வந்து காலுக்குப் பின்னால் தொட்டது. மூவரும் உட்கார்ந்தார்கள். கேரல் தலைக்கு மேலிருந்த தடுப்புக் கம்பியை இழுத்து மடிக்கு நேராக இறக்கினாள். சக்கரங்கள் உறுமின. முதுகை யாரோ அழுத்தித் தள்ளியது போல இருந்தது. தரை கீழே நழுவியது. அதே நொடியில் சாரதா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நிறுத்த முடியவில்லை. காற்று கண்ணில் நீரை வரவழைத்து, அதைக் காதுப் பக்கமாகத் தள்ளியது. பைன் மரங்களின் உச்சிகள் கால் பூட்ஸுக்குக் கீழே ஓடின. கிட்டுசாமி தடுப்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல், மேலே அந்தப் பிடி கம்பியைக் கவ்வியிருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"எப்படி இருக்குதுங்க?"

"பேசாத. நல்லாத்தான் இருக்குது."

மலைத் தோளைத் தாண்டியதும் பந்தயப் பாதை தெரிந்தது. சிவப்பும் நீலமுமாக மாறி மாறி நட்ட கழிகள், வெள்ளைச் சரிவில் வளைந்து வளைந்து இறங்கின. லிஃப்ட் கம்பி கொஞ்ச தூரம் அதன் ஓரமாகவே போய், மிகச் செங்குத்தான இடத்தில் அதைக் குறுக்கே தாண்டியது. பந்தயம் ஆரம்பித்துவிட்டிருந்தது. ஒலிபெருக்கியில் எண்கள் கேட்டன. மாட்டு மணி போன்ற மணிகளை யாரோ ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ரோஷினி முப்பத்தொண்ணு" என்றாள் சாரதா. "நாம மேல போய்ச் சேர்ந்துருவோம்."

"மேகன் இருபத்தெட்டு" என்றாள் கேரல்.

அப்போது லிஃப்ட் நின்றது.

கம்பி ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் போட்டு அடங்கியது. நாற்காலி முன்னே போய்ப் பின்னே வந்து, மறுபடி முன்னே போய் ஆடியது. செங்குத்துச் சரிவுக்கு நேர் மேலே, மூன்று மாடி உயரத்தில் மூவரும் தொங்கினார்கள். கிட்டுசாமி கண்ணை மூடிக்கொண்டான்.

கீழே சிவப்பு ஜாக்கெட் போட்ட மீட்புப் படைக்காரர் ஒருவர் சறுக்கி வந்து நின்று, மேலே பார்த்துக் கத்தினார். உச்சியில் இறங்கும் இடத்தில் இரண்டு மூன்று பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்துவிட்டார்களாம். ஒருவருக்குக் காலில் அடியாம். அவரை அப்புறப்படுத்தக் கொஞ்சம் நேரமாகும், பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

"பந்தயத்தை நிறுத்துவார்களா?" என்று கேட்டாள் கேரல்.

"அது வேறு பாதைதானே, அது பாட்டுக்கு நடக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சாரதா உச்சிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். இரண்டு வருஷம் கண்ணாடிச் சுவருக்குள் உட்கார்ந்தாயிற்று. இன்றைக்கு இவ்வளவு தூரம் வந்து, இப்படி அந்தரத்தில் மாட்டிக்கொண்டு, ரோஷினி புறப்படுவதைப் பார்க்காமல் போகப் போகிறோமே என்று நினைத்தாள். அப்போதுதான் மேலேயிருந்து சரசரவென்று துணி கிழிவது போன்ற சத்தம் கேட்டது. மஞ்சள் உடுப்பில் ஒரு பெண் கழிகளைத் தோளால் தட்டிக்கொண்டு பாய்ந்து வந்தாள். அவர்களுடைய காலுக்கு நேர் கீழே வளைந்தாள். பனித்தூள் விசிறியாக எழுந்தது. கீழே போய் மறைந்தாள்.

சாரதாவும் கேரலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நமக்குக் கிடைத்ததைவிட நல்ல சீட் இந்த மலையில் வேறெங்கும் இல்லை" என்றாள் கேரல்.

"என்னங்க, கண்ணத் தொறங்க. இங்கிருந்தே எல்லாம் தெரியுது."

கிட்டுசாமி ஒரு கண்ணைத் திறந்தான். அடுத்தவள் வந்தாள். அவன் இரண்டாவது கண்ணையும் திறந்தான்.

இருபத்தெட்டு என்று ஒலிபெருக்கி சொன்னதும் கேரல் கையுறையைக் கழற்றி இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். மேகன் நன்றாகத்தான் வந்தாள். செங்குத்து தொடங்குகிற இடத்தில் கட்டையின் முனை ஒரு கழியில் மாட்டியது. அடுத்த கணம் அவள் பனியில் உருண்டு வலையில் போய் மோதினாள். கேரல் எழுந்தே விட்டாள். சாரதா அவள் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். கீழே மேகன் எழுந்து உட்கார்ந்தாள். மீட்புப் படைக்காரர் பக்கத்தில் போனார். கொஞ்ச நேரத்தில் அவள் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"ஒன்றுமில்லை" என்றாள் கேரல், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. அவள் கை சாரதாவின் கைக்குள்ளேயே இருந்தது. "இப்போது உங்கள் பெண். பாருங்கள்."

முப்பத்தொன்று.

மேலே பாதையின் முகட்டில் ஒரு நீலப் புள்ளி தோன்றியது. சாரதாவுக்கு அது தன் மகள் என்று நம்பவே முடியவில்லை. வீட்டில் சோபாவைவிட்டு எழுந்திருக்க நாலு தடவை கூப்பிட வேண்டும். படிக்கட்டில் சாக்ஸை இழுத்துக்கொண்டு இறங்குகிற பெண். இங்கே அவள் உடம்பு தரையோடு படுக்கிற அளவுக்குச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்து வந்தது. ஒவ்வொரு சாய்விலும் கழி ஒன்று பட்டென்று மடங்கியது. மேகன் விழுந்த இடம் வந்தது. அங்கே பனி தோண்டியிருந்தது. அது ரோஷினியின் ஒரு காலைத் தூக்கி அடித்தது. ஒற்றைக் கட்டையில், கை காற்றைத் துழாவ, சாய்ந்தபடியே போனாள்.

"விடாத கண்ணு, விடாத" என்று கத்தினான் கிட்டுசாமி. அவன் தடுப்புக் கம்பியிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டிருந்தான்.

தூக்கிய கால் பனியைத் தொட்டது. அடுத்த கழியைச் சுற்றி எப்படியோ வளைந்துவிட்டாள். அவர்களுக்குக் கீழே ஒரு நீலக் கோடு மாதிரிக் கடந்தாள். திரும்பிப் பார்க்க முறுக்கிக்கொண்டபோது, நாற்காலியின் முதுகு அவளை மறைத்துவிட்டது. கீழேயிருந்து மணிச்சத்தம் வந்தது. ஒலிபெருக்கி அவள் பெயரை ரொஷ்ஷீனி என்று சொல்லி நேரத்தையும் சொன்னது. அது நல்ல நேரமா கெட்ட நேரமா என்று இருவருக்கும் தெரியவில்லை. கேரல்தான் சொன்னாள், "அந்தத் தடுமாற்றத்துக்கு அப்புறம் இது ரொம்ப நல்ல நேரம்."

லிஃப்ட் ஒரு குலுக்கலோடு புறப்பட்டது.

உச்சியில் இறங்கியதும் பலகையில் பார்த்தார்கள். முதல் சுற்றில் ரோஷினி பதினோராவது. பத்து பேர்தான் போக முடியும். இன்னொரு சுற்று இருந்தது. இரண்டு சுற்று நேரத்தையும் கூட்டித்தான் முடிவு. மேகனுக்கு அடி எதுவும் இல்லை, ஆனால் அன்றைக்கு அவள் ஆட்டம் முடிந்தது. கேரல் மகளைப் பார்க்கக் கீழே இறங்கினாள். போகும்போது, "நான் போய்விட்டேன் என்று கத்துவதைக் குறைத்துவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பார்வையாளர் இடம் புறப்படும் மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே நின்றால் முதல் நாலைந்து கழிகள் தெரியும், பிறகு சரிவு விழுங்கிவிடும். சாரதா ஏமாற்றத்தோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டுசாமி பாதையைப் பார்க்கவில்லை. இறங்குகிற நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாரதா, கீழ எறங்கறப்போ நம்ம மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கும்?"

"கீழ்ப் பக்கம்தான்."

"அப்ப முடியற எடம் வரைக்கும் தெரியுமில்ல? அந்தச் செங்குத்து மேல நாம போறப்போ அவ நமக்குப் பின்னாலயிருந்து வந்து, நம்மளத் தாண்டி, கடைசி வரைக்கும் நம்ம முன்னாலயே போவா."

சாரதா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சும்மா சொல்லல. கணக்குப் போட்ருவேன். பசங்கள ஒண்ணுபோல எடவெளி விட்டுத்தான் அனுப்பறாங்க. இந்தச் சுத்துல மொதப் பதினஞ்சு பேரத் தலைகீழா அனுப்பறாங்க, அவ அஞ்சாவதாக் கெளம்பறா. லிஃப்ட் அந்த எடத்துக்குப் போக எவ்வளவு நேரமாகுதுன்னு இங்க நின்னே பாத்துக்கலாம்."

அவன் கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு காலி நாற்காலி புறப்பட்டுச் செங்குத்தைத் தாண்டும்வரை பார்த்தான். நம்பாமல் இன்னொன்றையும் பார்த்தான். மேடையில் ரோஷினி கையைக் காலைத் தட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். பெற்றவர்களைக் கண்டதும் அவள் வாய் திறந்தபடி நின்றது.

"ஹவ் டிட் யூ கெட் ஹியர்?"

"லிஃப்ட்லதான். ஓடு ஓடு, உன் வரிசை வருது" என்றான் கிட்டுசாமி. "நாங்களும் போறோம், எங்களுக்கு லேட்டாகுது."

"வெயிட், வேர் ஆர் யூ கோயிங்? ஐ'ம் அபவுட் டு ரேஸ்."

"தெரியும் கண்ணு" என்றாள் சாரதா. அவள் கன்னத்தில் ஹெல்மெட்டுக்கு மேலேயே ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

மூன்றாவது பெண் கிளம்பினாள். கிட்டுசாமி சாரதாவின் கையைப் பிடித்தபடி நின்றான். ஒரு நாற்காலியை விட்டான். இன்னொன்றையும் விட்டான். லிஃப்ட் பணியாளர் ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார். "ஒன் மினிட் ப்ளீஸ்" என்றான். நான்காவது பெண் கிளம்பினாள். "இது. இதுதான். ஏறு."

கூடாரத்தைவிட்டு வெளியே வந்ததும் மலை முழுவதும் அவர்களுக்கு முன்னால் விரிந்தது. கீழே எங்கேயோ கண்ணாடித் துண்டு போல ஏரி. ஏறியதைவிட இறங்கும்போது வேகம் அதிகமாகத் தெரிந்தது. மலையிலிருந்து தூக்கி எறியப்பட்டவர்கள் மாதிரி இருந்தார்கள். பின்னால் ஒலிபெருக்கி ரொஷ்ஷீனி என்றது.

"சீக்கிரம் கெளம்பிட்டமா?" என்றாள் சாரதா.

"பேசாத, பேசாத."

செங்குத்து வந்தது. பாதை காலுக்குக் கீழே காலியாகக் கிடந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கணக்கு தப்பிவிட்டது என்று கிட்டுசாமி சொல்ல வாயெடுத்தபோது, முதுகுப் பக்கம் அந்தத் துணி கிழிகிற சத்தம் எழுந்தது. வளர்ந்தது. நாற்காலிக்கு அடியிலிருந்து அவள் வெளிப்பட்டாள். அவர்கள் பறந்துகொண்டிருந்தார்கள், அவள் அவர்களை நின்ற இடத்தில் விட்டுவிட்டுப் போவது போலப் போனாள். இந்தத் தடவை ஒரு தடுமாற்றமும் இல்லை. சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம். ஒவ்வொரு வளைவிலும் பனி விசிறி எழுந்து வெயிலில் மின்னி விழுந்தது. கடைசிக் கழியைத் தாண்டியதும் அவள் குனிந்து உருண்டையாகி, நேராகக் கோட்டைப் பாய்ந்து கடந்தாள்.

சாரதா கத்தவில்லை. கத்தவேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது. கிட்டுசாமி அவள் தோளை அடி அடியென்று அடித்துக்கொண்டிருந்தான்.

கீழே லாட்ஜில் எல்லோருடைய நேரத்தையும் கூட்டி முடிவு வரச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. ரோஷினி ஒன்பதாவது. குழுவின் பயிற்சியாளர் பலகையில் அவள் பெயருக்கு நேரே பச்சைக் கோடு போட்டார். மேகன் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். கேரல் சாரதாவைக் கட்டிக்கொண்டாள். கூட்டத்தில் கிட்டுசாமி தன் கணக்கை யாரோ ஒரு தகப்பனுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அந்த ஆளும் கடிகாரத்தைக் கழற்றியிருந்தான்.

"லிஃப்ட் மூட இன்னும் நேரம் இருக்கு" என்று ரோஷினி ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு, இழுத்து இழுத்துத் தமிழிலும் சொன்னாள். "என்கூட வாங்க. ரெண்டு பேரும்."

மூவரும் ஒரே நாற்காலியில் ஏறினார்கள். ரோஷினி நடுவில் உட்கார்ந்துகொண்டாள். நாற்காலி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பியது முதல் அவள் வாய் ஓயவில்லை. அந்தக் கழியில் பனி எப்படி இருந்தது, எந்த இடத்தில் பயமாக இருந்தது, எந்த இடத்தில் பயம் போனது என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தாள். முதல் சுற்றில் கால் தூக்கிய இடத்தில், மேலேயிருந்து யாரோ தமிழில் கத்தியது காதில் விழுந்ததாகவும், தனக்குத்தான் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்ததாகவும் சொன்னாள்.

"அம்மா, டெல் மீ. மேலேர்ந்து பாக்க ஃபாஸ்ட்டா இருந்துச்சா?"

"உம்பேர முழுசாச் சொல்லி முடிக்கறதுக்குள்ள நீ போயே போய்ட்ட கண்ணு."

ரோஷினிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நாற்காலியே குலுங்கியது.

"அடுத்த போட்டி எந்த மலைல?" என்று கேட்டான் கிட்டுசாமி.

அவள் பெயர் சொன்னாள். இன்னும் இரண்டு மணி நேரம் வடக்கே போக வேண்டும்.

"அங்க லிஃப்ட் எப்படி, இந்த மாதிரிப் புடி விட்டுப் புடிக்கிறதா, பழைய மாதிரியா?"

அவளுக்குத் தெரியவில்லை. கீழே போனதும் போன் பண்ணிக் கேட்டுவிடலாம் என்றான் அவன். சாரதா இருவருக்கும் காது கொடுத்தபடியே, கீழே ஓடும் வெள்ளைச் சரிவைப் பார்த்துக்கொண்டு, பூட்ஸ் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள்.